இணையம் ஓடுகிறது, ‘இணையம் இல்லை’ என்கிறது: மெய்நிகர் கணினியின் பொய் எச்சரிக்கை

மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸோ உபுண்டுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. உலாவியில் பக்கங்கள் திறக்கின்றன, கோப்புகள் இறங்குகின்றன. ஆனால் ஓரத்தில் இருக்கும் நெட்வொர்க் சின்னத்தில் மட்டும் குறுக்குக்கோடு போட்ட பூமி உருண்டை அல்லது கேள்விக்குறி. ‘இணையம் இல்லை’ என்ற வரி வேறு. பலர் இதைக் கண்டதும் அடாப்டரை மாற்றுகிறார்கள், ஐபி முகவரியைக் கையால் எழுதுகிறார்கள், கடைசியில் இயங்குதளத்தையே மறுபடி நிறுவுகிறார்கள். பெரும்பாலும் இவை எதுவும் தேவைப்படுவதில்லை. தவறு எங்கே என்று பார்க்க, முதலில் அந்தச் சின்னம் எதை வைத்து முடிவுக்கு வருகிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டு சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். உங்கள் மேசையில் இருக்கும் உண்மையான கணினி ஹோஸ்ட். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, கியூஇஎம்யூ போன்ற மென்பொருளின் தயவில் ஓடும் கணினி கெஸ்ட். கட்டுரையில் வரும் கட்டளைகளும் முகவரிகளும் ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் இடுங்கள்.

சின்னம் கேட்பது ஒரே ஒரு கேள்வி

எந்த இயங்குதளத்துக்கும் ‘இணையம்’ முழுவதையும் அளந்து பார்க்க வழியில்லை. ஆகவே அது ஒரு குறிப்பிட்ட சர்வரிடம் ஒரு சிறு கோப்பைக் கேட்கிறது. எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. இந்தக் கேள்வியைச் சோதனைக் கோரிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் இதைச் செய்யும் பகுதிக்கு என்சிஎஸ்ஐ என்று பெயர். விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. விண்டோஸ் 8.1 வரை அது எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ.காம் தளத்தில் என்சிஎஸ்ஐ.டெக்ஸ்ட் என்ற கோப்பைக் கேட்டது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து கேட்பது எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட்.காம் தளத்தில் கனெக்ட்டெஸ்ட்.டெக்ஸ்ட் என்ற கோப்பை. அதற்குள் இருப்பது ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் மட்டுமே. இதோடு, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கும் ஒரு சோதனை உண்டு: டிஎன்எஸ்.எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ.காம் என்ற பெயருக்கு 131.107.255.255 என்ற எண் வர வேண்டும்.

லினக்ஸில் இந்த வேலை நெட்வொர்க்மேனேஜருடையது. எந்தச் சர்வரைக் கேட்பது என்பதை ஒவ்வொரு வெளியீடும் தானே வைத்துக்கொள்கிறது. உபுண்டுவுக்குச் சொந்தச் சோதனை முகவரி உண்டு. ஃபெடோரா தன் தளத்தில் ஹாட்ஸ்பாட்.டெக்ஸ்ட் என்ற கோப்பை வைத்திருக்கிறது, பதில் ‘ஓகே’. வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால் 300 விநாடிக்கு ஒருமுறை மறுசோதனை நடக்கும். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் கதை இதுதான். அங்கே எதிர்பார்க்கப்படும் பதில் 204 என்ற எண், அதாவது ‘கோரிக்கை கிடைத்தது, தர உள்ளடக்கம் ஏதும் இல்லை’.

இந்தக் கோரிக்கைகள் பூட்டில்லாத பழைய எச்டிடிபி வழியே போவதற்குக் காரணம் இருக்கிறது. விடுதி, ரயில் நிலைய வைஃபைகள் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்ட இடையில் புகுந்து பதிலை மாற்றுவது வழக்கம். பதில் மாறியிருப்பதைப் பார்த்துத்தான் ‘உள்நுழைய வேண்டிய வைஃபை இது’ என்று இயங்குதளம் கண்டுபிடிக்கிறது. குறியாக்கம் செய்த இணைப்பில் இப்படி நடுவில் புக முடியாது, ஆகவே கண்டுபிடிக்கவும் முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் யார் கைவைத்தாலும் சின்னம் அலறும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

மெய்நிகர் கணினியில் மட்டும் ஏன் அதிகம்?

விடை நேட் என்ற இணைப்பு முறையில் இருக்கிறது. புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குத் தருவது இந்த முறைதான். கெஸ்ட்டின் முகவரி 10.0.2.15, வெளியே போகும் வாசலான கேட்வே 10.0.2.2, டிஎன்எஸ்ஸுக்கு என ஒதுக்கியது 10.0.2.3. கியூஇஎம்யூவின் எளிய நெட்வொர்க்கிலும் ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலும் இதே எண்கள் வருவது தற்செயல் அல்ல. 1990-களில் டெர்மினல் கணக்கு வழியே இணையம் பெறுவதற்காக எழுதப்பட்ட ஸ்லர்ப் என்ற நிரலின் வம்சம் இவை.

இந்த முறையில் ரவுட்டர் என்று ஒரு பொருள் கிடையாது. கெஸ்ட் ஒரு இணைப்பைக் கேட்டதும், ஹோஸ்ட்டில் ஓடும் ஒரு சாதாரண நிரல் அந்த இணைப்பைத் தன் பெயரில் வெளியே திறக்கிறது, வரும் தரவைப் புதுப் பொட்டலமாகக் கட்டி உள்ளே தருகிறது. வலைப்பக்கத்துக்கு இது போதும். ஆனால் இரண்டு விளைவுகள் உண்டு.

1. ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் கட்டளை சரியாக வேலை செய்ய வேண்டிய கட்டாயமில்லை. கியூஇஎம்யூவின் இந்த முறையில், ஹோஸ்ட் லினக்ஸில் தனி அனுமதி தராதவரை, வெளி முகவரிக்குப் பிங் போகாது. 10.0.2.2 மட்டும் பதில் சொல்லும். ‘பிங் போகவில்லை, ஆக இணையம் இல்லை’ என்ற முடிவு இங்கே செல்லாது.

2. விண்டோஸுக்கு இன்னொரு சாட்சி கைவிட்டுப் போகிறது. சோதனைக் கோரிக்கை தவிர, வந்து சேரும் பொட்டலங்கள் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டி வந்தன என்பதையும் அது கவனிக்கிறது. தொலைவிலிருந்து வந்தால் இணையம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஒரு ரவுட்டரைத் தாண்டுவது ஒரு தாவல். இதற்கான வழக்கமான வரம்பு 8 தாவல்கள். ஆனால் நேட் நிரல் எல்லாப் பொட்டலங்களையும் புதிதாகக் கட்டித் தருவதால், அமெரிக்காவிலிருந்து வந்ததுகூட அடுத்த வீட்டிலிருந்து வந்ததுபோலவே தெரியும். மிச்சம் இருப்பது அந்த மூன்று சொல் கோப்பு மட்டும். அதுவும் தவறினால், நீங்கள் காணொளி பார்த்துக்கொண்டிருந்தாலும் விண்டோஸ் ‘இல்லை’ என்று சாதிக்கும்.

மூன்றாவது காரணம் நெட்வொர்க் சார்ந்ததே அல்ல. கெஸ்ட்டை உறையவைத்து மறுபடி எழுப்பும் பழக்கம் அது. மடிக்கணினியை வீட்டில் மூடி அலுவலகத்தில் திறக்கிறீர்கள். ஹோஸ்ட் புது வைஃபைக்கு மாறிவிட்டது. கெஸ்ட்டுக்கோ கேபிள் பிடுங்கப்பட்டதே தெரியாது, ஏனென்றால் அதன் மெய்நிகர் கேபிள் செருகியபடியே இருந்தது. வீட்டு ரவுட்டர் தந்த டிஎன்எஸ் முகவரியையே அது தேடிக்கொண்டிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் நேட், வேறாகச் சொல்லாதவரை, ஹோஸ்ட்டின் டிஎன்எஸ் சர்வர்களை அப்படியே கெஸ்ட்டிடம் தருவதால் வரும் வினை இது.

பொய்யான எச்சரிக்கை என்றாலும் கெடுதல் உண்டு

சின்னம் மட்டும்தானே, விட்டுவிடலாமா? சில இடங்களில் விடலாம். ஆனால் பல நிரல்கள் இணையம் இருக்கிறதா என்று தாமே பார்ப்பதில்லை, இயங்குதளத்திடம் கேட்கின்றன. 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில் இந்தக் கோளாறு பரவலாக வந்தபோது உலாவிகள் ஓடின. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரும் ஸ்பாட்டிஃபையும் இணைய மறுத்தன.

லினக்ஸில் விளைவு இன்னும் நுட்பமானது. ஒரு அடாப்டரில் சோதனை தவறினால், நெட்வொர்க்மேனேஜர் அந்தப் பாதையின் மெட்ரிக் எண்ணோடு 20000-ஐக் கூட்டிவிடும். எண் சிறியதாக இருக்கும் பாதைக்கே முன்னுரிமை. ஆகவே 100 ஆக இருந்த வயர் இணைப்பு 20100 ஆகி வரிசையின் கடைசிக்குப் போகும். ஒரே அடாப்டர் என்றால் பாதிப்பில்லை. இரண்டு அடாப்டர் உள்ள கெஸ்ட்டில் போக்குவரத்து தவறான வழியில் திரும்பி, பொய் எச்சரிக்கை மெய்யாகிவிடும். ‘ஐபி ரூட்’ என்ற கட்டளையின் வெளியீட்டில் 20100 என்ற எண்ணைக் கண்டால் காரணம் இதுதான் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

கண்டுபிடிக்கும் வரிசை

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது. ஒவ்வொரு படியும் முந்தைய படி சரி என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

1. ஹோஸ்ட்டில் இணையம் இருக்கிறதா? விடுதி வைஃபை என்றால் உள்நுழைவு முடிந்ததா? பத்து விநாடி வேலை. பலர் தாண்டிவிடும் படியும் இதுதான்.

2. கெஸ்ட்டுக்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது? விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’, லினக்ஸில் ‘ஐபி அட்ரஸ்’. விர்ச்சுவல்பாக்ஸ் நேட் என்றால் பெரும்பாலும் 10.0.2.15. விஎம்வேர் நேட் என்றால் கடைசி எண் 128 அல்லது அதற்கு மேலே, கேட்வேயின் கடைசி எண் 2. முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரி தரும் சேவையே பதில் சொல்லவில்லை என்று பொருள். அது பொய் எச்சரிக்கை அல்ல, மெய்யான கோளாறு. விஎம்வேரில் ஹோஸ்ட் விண்டோஸின் சர்வீஸ் பட்டியலில் விஎம்வேரின் டிஎச்சிபி (முகவரி தருவது), நேட் சேவைகள் இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

3. பெயர் இல்லாமல் எண்ணுக்கு இணைப்பு போகிறதா? பிங் வேண்டாம். பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளையில் 1.1.1.1 என்ற முகவரியையும் போர்ட் 443-ஐயும் கொடுங்கள். டிசிபி சோதனை ‘ட்ரூ’ என்றால் பாதை திறந்திருக்கிறது.

4. பெயர் எண்ணாக மாறுகிறதா? ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையில் முதலில் ஏதாவது ஒரு பிரபல தளத்தையும், பிறகு சோதனைத் தளத்தின் பெயரையும் கொடுங்கள். முதலாவது சரியாக வந்து இரண்டாவதற்கு 0.0.0.0 வந்தாலோ, ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று வந்தாலோ, நடுவில் ஒரு டிஎன்எஸ் வடிகட்டி இருக்கிறது.

5. சோதனைக் கோப்பையே கேளுங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘கர்ல்’ போதும். பழைய பவர்ஷெல்லில் அதே பெயர் வேறு ஒரு கட்டளையின் புனைபெயர் என்பதால், அங்கே ‘கர்ல்.இஎக்ஸ்இ’ என்று முழுதாக எழுதுங்கள். முகவரியை எச்டிடிபி என்றே தொடங்க வேண்டும், எச்டிடிபிஎஸ் அல்ல. எதிர்பார்த்த மூன்று சொற்கள் வரலாம். ஏதோ ஒரு வலைப்பக்கத்தின் நிரல் வரலாம். அது உள்நுழைவுப் பக்கம் அல்லது ப்ராக்ஸியின் (கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் சர்வரின்) தடைப் பக்கம். எதுவும் வராமல் காத்திருந்து முடியலாம். அது ஃபயர்வால்.

6. கடைசியாக, இயங்குதளம் தன் குறிப்பில் என்ன எழுதி வைத்திருக்கிறது? பவர்ஷெல்லில் ‘கெட்-நெட்கனெக்‌ஷன்ப்ரொஃபைல்’, லினக்ஸில் ‘என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக்’. பின்னது பழைய குறிப்பைப் படிக்காமல் அந்த நொடியே புதிதாகச் சோதித்துச் சொல்லும். பெரும்பாலும் ‘ஃபுல்’, ‘லிமிடெட்’, ‘போர்ட்டல்’, ‘நன்’ ஆகியவற்றில் ஒன்று வரும்.

ஐந்தாம் படியில் சரியான பதில், ஆறாம் படியில் ‘இல்லை’ என்றால் குறிப்பு பழையது. கெஸ்ட்டுக்குள் அடாப்டரை நிறுத்தி மறுபடி இயக்கினால் புதுச் சோதனை நடக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு இன்னும் எளிய வழி, நெட்வொர்க் அமைப்பில் ‘கேபிள் கனெக்டட்’ என்ற குறியை எடுத்துவிட்டு மீண்டும் போடுவது. கேபிளைப் பிடுங்கிச் செருகியதாகவே கெஸ்ட் நினைத்துக்கொள்ளும். மூன்றும் நான்கும் சரியாக வந்து ஐந்தாம் படி மட்டும் தவறினால், அந்தக் குறிப்பிட்ட கோரிக்கையை யாரோ மறிக்கிறார்கள். அந்த ‘யாரோ’ யார் என்பதே அடுத்த வேலை.

மறிப்பவர் யார்?

*டிஎன்எஸ் வடிகட்டி.* பை-ஹோல் போன்ற விளம்பரத் தடுப்பான்கள் தரவு சேகரிப்பைத் தடுக்கும் பட்டியல்களைப் பயன்படுத்துகின்றன. ஆர்வக் கோளாறில் மைக்ரோசாஃப்டின் பெயர்களை மொத்தமாகச் சேர்த்துவிடும் பட்டியல்களும் அவற்றில் உண்டு. எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட்.காம், டிஎன்எஸ்.எம்எஸ்எஃப்டிஎன்சிஎஸ்ஐ.காம் என்ற இரண்டு சோதனைப் பெயர்களையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. ஹோஸ்ட்டில் வராத எச்சரிக்கை கெஸ்ட்டில் மட்டும் வருவது ஏன் என்ற கேள்வி எழும். ஹோஸ்ட் நேரடியாக வெளிப் பொட்டலங்களைப் பார்க்கிறது, தாவல் கணக்கு அதைக் காப்பாற்றிவிடுகிறது. கெஸ்ட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

*ஹோஸ்ட்டில் விபிஎன்.* அலுவலக விபிஎன்னை இயக்கியதும் ஹோஸ்ட்டின் டிஎன்எஸ் மாறுகிறது. கெஸ்ட்டிடம் பழையது இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கு நிலையான தீர்வு, பெயர்த் தேடலை நேட் நிரலிடமே ஒப்படைப்பது. கெஸ்ட்டை முழுவதுமாக அணைத்துவிட்டு, ஹோஸ்ட்டில் ‘விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைவிஎம்’ கட்டளையில் ‘நேட்டிஎன்எஸ்ஹோஸ்ட்ரிசால்வர்1’ என்ற தேர்வை ‘ஆன்’ ஆக்குங்கள். இறுதியில் உள்ள 1 என்பது முதல் அடாப்டரைக் குறிக்கிறது. இதன் பிறகு கெஸ்ட் எதைக் கேட்டாலும் ஹோஸ்ட் அந்த நேரத்தில் எந்த டிஎன்எஸ்ஸை நம்புகிறதோ அதன் வழியே விடை வரும். உறைநிலையில் இருக்கும் கெஸ்ட்டில் இந்த மாற்றம் ஏறாது.

*ப்ராக்ஸி.* உலாவிக்கு மட்டும் ப்ராக்ஸி கொடுத்திருந்தால் உலாவி போகும், சோதனைக் கோரிக்கை போகாது. விண்டோஸின் கணினி அளவிலான ப்ராக்ஸியை ‘நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி’ காட்டும். ‘டைரக்ட் ஆக்சஸ்’ என்று அது சொல்லியும் உங்கள் அலுவலகம் ப்ராக்ஸி இல்லாமல் யாரையும் வெளியே விடாது என்றால், எச்சரிக்கைக்குக் காரணம் இந்த முரண்தான்.

*பிரிட்ஜ் முறை.* இதில் கெஸ்ட் தனி ஆளாக, தனி மேக் முகவரியோடு (அடாப்டரின் அடையாள எண்) நெட்வொர்க்கில் நிற்கிறது. விடுதி வைஃபையில் ஹோஸ்ட் உள்நுழைந்திருந்தாலும் கெஸ்ட் உள்நுழையவில்லை என்றே கணக்கு. தவிர, வைஃபை வழியே பிரிட்ஜ் செய்வது இயல்பிலேயே இடக்கு. ஒரு கருவிக்கு ஒரு மேக் முகவரி என்றுதான் ஆக்சஸ் பாயிண்ட் எதிர்பார்க்கிறது. பயணத்தில் இருக்கும்போது நேட்டுக்கு மாறிக்கொள்வதே புத்திசாலித்தனம். குளோன் செய்த இரண்டு கெஸ்ட்கள் ஒரே மேக் முகவரியோடு பிரிட்ஜில் நின்றால் இணையம் விட்டுவிட்டு வரும். அதைப் பொய் எச்சரிக்கை என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள்.

*ஹைப்பர்-வியின் டிஃபால்ட் சுவிட்ச்.* ஹோஸ்ட்டை மறுதொடக்கம் செய்யும்போது இதன் முகவரி வரிசை மாறக்கூடும். கெஸ்ட்டில் கையால் ஐபி எழுதி வைத்திருந்தால் நேற்று ஓடியது இன்று ஓடாது. தானியங்கி முகவரிக்கே விட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை சரியாக இருந்து, வாசிப்பு தவறும் இடங்கள்

இரண்டு அடாப்டர் வைத்திருப்பவர்களின் குழப்பம் தனி வகை. முதலாவது நேட், இரண்டாவது ஹோஸ்ட்டோடு மட்டும் பேசும் ஹோஸ்ட்-ஒன்லி. விர்ச்சுவல்பாக்ஸில் பின்னது வழக்கமாக 192.168.56 வரிசை. அந்த அடாப்டருக்குக் கேட்வே தரப்படுவதில்லை. விண்டோஸ் அதை ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க், இணையம் இல்லை’ என்கிறது. அது சொல்வது முழு உண்மை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இந்த வரி உறுத்துகிறதென்று 192.168.56.1-ஐக் கேட்வேயாக எழுதிவைப்பவர்கள் உண்டு. அந்த நிமிடம் கெஸ்ட்டுக்கு இரண்டு வெளிவாசல்கள் உருவாகின்றன. ஒன்று சுவரில் முட்டும் வாசல். இருந்த இணையமும் போகும்.

அதேபோல் அடாப்டர் விவரத்தில் ஐபிவி6 வரிசையில் ‘இணைய அணுகல் இல்லை’ என்று இருப்பது. உங்கள் இணைப்பில் ஐபிவி6 இல்லையென்றால் அது சரியான தகவல். ஐபிவி4 வரிசையில் ‘இன்டர்நெட்’ என்றிருந்தால் போதும்.

உபுண்டு சர்வரில், உலாவி வழியே சர்வரை நிர்வகிக்கும் காக்பிட் கருவியை நிறுவியவர்கள் சந்திப்பது வேறு. புதுப்பிப்புப் பக்கம் ‘ஆஃப்லைனில் இருக்கும்போது புதுப்பிக்க முடியாது’ என்று மறுக்கும், முனையத்தில் மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை அருமையாக ஓடும். சர்வர் பதிப்பில் நெட்வொர்க்கை நடத்துவது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற வேறு சேவை. காக்பிட்டின் பின்னால் புதுப்பிப்புகளைக் கவனிக்கும் பேக்கேஜ்கிட்டோ நெட்வொர்க்மேனேஜரிடம் கேட்கிறது. தன் கையில் ஒரு இணைப்பும் இல்லாத நெட்வொர்க்மேனேஜர் ‘இல்லை’ என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, கேட்ட இடம்தான் தவறு. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் ‘ரெண்டரர்’ என்ற வரியை நெட்வொர்க்மேனேஜருக்கு மாற்றினால் சரியாகும். அதை எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து செய்யாதீர்கள். மெய்நிகர் கணினியின் கன்சோல் திரை திறந்திருக்கட்டும், இணைப்பு அறுந்தால் உள்ளே போக அது ஒன்றே வழி.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு: சின்னம் ‘இணையம் உண்டு’ என்கிறது, பாதுகாப்பான தளங்கள் பல திறக்கவில்லை. நாள்கணக்கில் உறைந்திருந்த கெஸ்ட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய தேதியில் நிற்கும் கணினி, அதற்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றிதழ்களை ஏற்காது. பூட்டில்லாத சோதனைக் கோரிக்கைக்குத் தேதி ஒரு பொருட்டே அல்ல.

சோதனையையே நிறுத்துவது

தனிமைப்படுத்தப்பட்ட ஆய்வுக் கணினி, வெளியே போகவே கூடாத கெஸ்ட், சோதனைத் தளத்தை நிரந்தரமாக மறிக்கும் அலுவலகம். இந்த மூன்று இடங்களில் மட்டும் சோதனையை அணைப்பதில் நியாயம் உண்டு.

விண்டோஸில் அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியின் என்எல்ஏஎஸ்விசி சேவைக்குள் பாராமீட்டர்ஸ், அதற்குள் இன்டர்நெட் என்ற பகுதியில் ‘எனேபிள்ஆக்டிவ்ப்ரோபிங்’ என்ற மதிப்பு இருக்கிறது. 1 என்றால் சோதனை நடக்கும், 0 என்றால் நடக்காது. மாற்றும் முன் அது ஏற்கெனவே 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ‘விண்டோஸை வேகப்படுத்துகிறோம்’ என்று சொல்லும் கருவிகள் இதைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடுவதுண்டு. நேட் கெஸ்ட்டில் அதுவே பொய் எச்சரிக்கையின் மூல காரணமாகலாம், அப்போது செய்ய வேண்டியது 1 ஆக்குவது. அணைத்த பிறகு விண்டோஸுக்கு மிஞ்சுவது தாவல் கணக்கு ஒன்றே. நேட்டில் அது உதவாது என்று முன்பே பார்த்தோம். ஆகவே அணைத்தும் எச்சரிக்கை அப்படியே நிற்கலாம். விடுதி வைஃபையின் உள்நுழைவுப் பக்கமும் தானாக வந்து நிற்காது.

லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜரின் ‘கான்ஃப்.டி’ அடைவில் ஒரு சிறு கோப்பு போதும்: சதுர அடைப்புக்குள் ‘கனெக்டிவிட்டி’ என்ற தலைப்பு, அடுத்த வரியில் ‘எனேபில்டு’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்ற மதிப்பு. பிறகு நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்யுங்கள். நிறுத்துவதற்குப் பதிலாக, அதே கோப்பில் ‘யூஆர்ஐ’ வரியில் உங்கள் உள் நெட்வொர்க்கிலேயே இருக்கும் ஒரு சர்வரின் முகவரியைக் கொடுக்கலாம். அது ‘நெட்வொர்க்மேனேஜர் இஸ் ஆன்லைன்’ என்ற வாக்கியத்தைத் திருப்பித் தந்தால், கேள்விக்குறி மறைந்து மெட்ரிக் எண்ணும் 100-க்கு இறங்கிவிடும்.